கண்டதெல்லாம் கட்டிலில்

பங்குனியில் அய்யம்பாளையத்துக்கு வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வருவது நல்லது. திறந்தால் பல்லுக்குள் ஊர் மண் நறநறக்கும். மேற்கே மலை பச்சையாகத்தான் நிற்கும். மருதாநதி அணையிலும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். ஊருக்குள் வந்து சேர்வதென்னவோ புழுதி மட்டும்தான்.

அதில் மூன்று ரகம். தேங்காய் நார் மில்லிலிருந்து வரும் பொடி தவிட்டு நிறம், எடையே கிடையாது. ஊதினால் எழும்பி ஊதினவன் தலையிலேயே உட்காரும். டிப்பர் லாரி கிளப்பும் சிவப்பு மண் சன்னல் கம்பியில் கரகரவென்று படியும். மூன்றாவது, அடுக்களைக் கரியும் எண்ணெயும் சேர்ந்த பிசுக்கு. இந்த மூன்றையும் விரலால் தொட்டு எது எந்த வருஷத்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான். பெயர் முனியாயி.

"இந்தா பாருங்க, இது நார்மில்லுல ரெண்டாவது ஷிப்டு ஆரம்பிச்ச வருசம். அதுக்குக் கீழ செவப்பா இருக்கே, அது ரோட்ட அகலப்படுத்துன வருசம். அப்ப இந்தப் பரணு ஏழு வருசமா மாறு பாக்கல. வருசா வருசம் தொடைக்கிறேன்னு ஒங்க மாமியா சொன்னது பூராம் பொய்யி."

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொல்கிற வணக்கம் இதுதான். மருமகள்கள் அவளை விரும்பியதற்கும் மாமியார்கள் முகத்தைச் சுளித்ததற்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

அவள் இந்த ஊர்க்காரி அல்ல. அணைக்கு மேலே, பெரும்பாறை போகிற சரிவில் இருக்கும் மலைக்குடியிருப்பு. தகப்பன் தேன் எடுத்தான். புருஷன் கருப்புசாமி காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கிறான். இவள் காட்டில் விளக்குமாறுக்கான ஈஞ்சமாறு அறுத்து, கட்டுக் கட்டாகத் தலையில் வைத்து இறக்கி, தெருத்தெருவாக விற்றாள். ஒருநாள் ஒரு வீட்டுக்காரி, "மாறு நல்லாருக்கான்னு கூட்டிக் காட்டு" என்றாள். கூட்டிக் காட்டினாள். "அந்த மூலையவும் காட்டு." காட்டினாள். இப்படியே வீடு முழுக்கக் கூட்ட வைத்துவிட்டு, மாறு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள் அந்தப் புண்ணியவதி. அடுத்த வீட்டில் முனியாயி மாறு விற்கவில்லை. கூட்டுவதையே விற்றாள்.

அவளுடைய தொழிலில் முதல் விதி, தண்ணீரைத் தொடாதே. "புழுதி மேல தண்ணி ஊத்துனா அதுக்குப் பேரு சுத்தம் இல்ல, சேறு" என்பாள். மேலிருந்து கீழே, காய்ந்தபடியே இறக்க வேண்டும். மூங்கில் கழி நுனியில் மாறைக் கட்டி ஒட்டடை அடிப்பாள். ஃபேன் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி ஒரே இழுப்பு. புழுதி மொத்தமும் உறைக்குள். தரையில் நார்மில் கழிவை நனைத்துப் பிழிந்து தூவிக் கூட்டுவாள். பொடி எழும்பாமல் அதோடு ஒட்டிக்கொண்டு வாசல் தாண்டும். மில் கொண்டுவந்து போட்ட அழுக்கை மில் கழிவை வைத்தே துரத்துவாள். மில் முதலாளிக்குக்கூட இது தோன்றியதில்லை. தண்ணீர் கடைசியில்தான்.

அவளுக்கு வேலை குவிவது பங்குனியில். ஊரில் அம்மனுக்குச் சாட்டு விழும். சாட்டு என்றால் திருவிழா நாளை ஊரறியச் சொல்வது. அதிலிருந்து எட்டாம் நாள் காப்புக் கட்டு. அந்த எட்டு நாளைக்குள் ஒவ்வொரு வீடும் உதறி, தட்டி, கழுவி நிற்க வேண்டும். சாட்டு விழுந்ததிலிருந்து திருவிழா முடிகிறவரை வீட்டில் கவிச்சி கூடாது. மேலத்தெருவில் மட்டும் முனியாயிக்குப் பதினோரு வீடு. கூட அவள் மருமகள் நதியா. வருஷத்தின் பாதிக் கஞ்சி அந்த எட்டு நாளில்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் கம்மல் திருகாணி ஒன்று காணாமல் போனது. 'மலைக்காரி கை சும்மா இருக்காது' என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்று எழுதுவது மரியாதைக்கு, சொன்னது தெருவே. நடுத்தெருவில் அவள் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். முந்தியை உதறச் சொன்னார்கள். உதறினாள். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. திருகாணி அப்புறம் கிடைத்ததா? அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறு பங்குனிக்கு முனியாயி சரியாக இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தாள்.

"வாசல்ல ஒரு கயித்துக் கட்டிலப் போடுங்க. மேல வெள்ள வேட்டிய விரிங்க. பரண்ல, பீரோக்கு அடியில, அரிசி டிரம்முக்குப் பின்னால, எங்க என்ன கெடச்சாலும் கட்டிலுக்கு வந்துரும். ஊரு பாக்கட்டும். எங்கிட்ட ஒண்ணும் நிக்காது."

நியாயமாகத்தான் இருக்கிறது என்று தெரு ஒத்துக்கொண்டது. எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பது தெருவுக்கு இரண்டாம் நாள்தான் விளங்கியது.

வாத்தியார் செல்வமுருகன் வீட்டுப் பீரோவுக்கு அடியிலிருந்து அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சீட்டு வந்து கட்டிலில் படுத்தது. கணக்கில் முப்பத்தாறு. அவர் கணக்கு வாத்தியார். சண்முகராஜ் வீட்டுப் பரணிலிருந்து ஒரு இட்லிக் கொப்பரை இறங்கியது. அதன் விளிம்பில் வெட்டியிருந்த பெயர் பொன்னுத்தாய். ஆறு வருஷமாக அந்தக் கொப்பரையைத் தேடி, சொந்தத் தங்கச்சியோடு பேச்சை விட்டிருந்தவள் பொன்னுத்தாய்.

அதற்குப் பிறகு முனியாயி வருகிற நாள் என்றால் தெருப் பெண்கள் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு எதிரே ஆய உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம் வேறொன்றும் நடந்தது. சாட்டு விழுந்த மறுநாளே வீட்டுக்காரர்கள் தாங்களாகவே பரணில் ஏறினார்கள். பீரோவை நகர்த்தினார்கள். சுத்தம் செய்ய ஆள் வருகிறது என்று பயந்து சுத்தம் செய்கிற ஊரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

"அத்தை, நம்ம வர்றதுக்கு முந்தியே பாதி வீடு பளபளன்னு கெடக்கு" என்றாள் நதியா.

"கெடக்கட்டும்டி. பயந்து கூட்டுனாலும் கூட்டுனது கூட்டுனதுதேன்."

இந்த வருஷம் விழாக் கமிட்டிக்குத் தலைவர் ஜெயமுருகன். தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். மேலத்தெருவில் பெரிய வீடு. பூசாரியோடு சேர்ந்து இந்த முறை காப்புக் கட்டப்போகிறவரும் அவர்தான். சாட்டு அன்றைக்கு மைக்கைப் பிடித்து முழங்கினார்.

"இன்னியிலருந்து எந்த வீட்டுலயும் கவிச்சி இருக்கப்படாது. முட்டை, கருவாடு எதுவும் இருக்கப்படாது. இருக்குன்னு தெரிஞ்சா அம்மன் முன்னால நிக்க வச்சுக் கேப்போம், ஆமா."

சட்டம் போடுகிறவன் வீட்டுப் பரணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜெயமுருகன் வீட்டுப் பரணில், தெற்கு மூலையில், வாயில் துணி வேடு கட்டிய மண்பானை ஒன்று இருந்தது. பானை நிறைய அவர் வைத்தது உப்புக்கண்டம். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்தது. தை மாதம் ஒரு கிடா வெட்டியபோது, களத்தில் கொப்பரைத் தேங்காய்க்கு நடுவே யாருக்கும் தெரியாமல் காயப்போட்டார். அந்த வெயிலுக்கு மூன்றே நாளில் செருப்புத் தோலாகக் காய்ந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். குறைப்பதென்ன, அடியோடு நிறுத்திவிட்டாள் மனைவி வடிவு. அதனால்தான் பானை பரணுக்குப் போனது. மாசிக் கடைசியில் அவருக்கு முழங்கால் வீங்கியது. ஏணியில் கால் வைக்க முடியவில்லை. இரண்டே துண்டு தின்ற நிலையில் பானை மேலேயும் அவர் கீழேயும் மாட்டிக்கொண்டார்கள். சாட்டும் விழுந்துவிட்டது.

முனியாயியையும் நதியாவையும் களத்துக்கு வரச் சொன்னார்.

"வா முனியாயி. நாளைக்கு நம்ம வீடு. வெள்ளனே வந்துரு."

"வந்துர்றோம் மொதலாளி. கட்டில மட்டும் எடுத்துப் போட்டு வைங்க."

"இந்த வருசம் கட்டிலு வேணாம்."

"ஏன், கட்டிலு ஒடஞ்சிருச்சா?"

"ஒடையல. நான் காப்புக் கட்டப்போறவன். என் வீட்டு வாசல்ல கண்டதையும் பரப்பி வச்சா மருவாதையா இருக்குமா?"

"வாத்தியாரு வீட்டுல பரப்புனப்ப நீங்கதான மொத வரிசையில நின்னு சிரிச்சீங்க."

நதியா முந்தியால் வாயை மூடிக்கொண்டாள். ஜெயமுருகன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார்.

"இங்க பாரு. பரண்ல தெக்கு மூலையில வேடு கட்டுன பானை ஒண்ணு இருக்கு. அத மட்டும் யாரு கண்ணுலயும் படாம பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போயிரு. உள்ள இருக்கிறத நீயே வச்சுக்க. வடிவுக்குத் தெரியப்படாது."

"நல்லாருக்கு மொதலாளி. ஒங்க வீட்டுப் பானைய நான் மூடிக்கிட்டு, பின்வாசல் வழியாப் போகணும். நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள பொன்னுத்தாயக்கா பாத்துட்டு என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"மொதலாளி குடுத்தாருன்னு சொல்லு."

"அவுக ஒங்ககிட்ட வந்து கேட்டா, ஆமான்னு சொல்லுவீங்களா?"

ஜெயமுருகன் தேங்காய்க் குவியலைப் பார்த்தார்.

"அப்ப ஒஞ் சோலியப் பாத்துட்டுப் போ" என்றார். "திண்டுக்கல்லுல மிஷின் வச்சு உறிஞ்சுற ஆளுக இருக்காங்க. ஒரு வீட்டுக்கு வந்தாப் பதினோரு வீட்டுக்கும் வருவாங்க. தலைவரு நாஞ் சொன்னா தெருவுல கேப்பாங்க."

கேட்பார்கள். அதுதான் சங்கடம். ஒரு பக்கம் பதினோரு வீட்டு வேலை. இன்னொரு பக்கம் எட்டு வருஷமாக அவள் பெயரைக் காத்து நிற்கிற கட்டில். இரண்டில் எதைக் கைவிட்டாலும் விடுகிறவள் முனியாயிதான். ஜெயமுருகனுக்கு முடி உதிராது.

களத்துக்கு வெளியே புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"ஒரு நாளுதான அத்தை. கட்டிலு இல்லாட்டி என்ன கொறஞ்சு போச்சு?"

"ஒரு நாளு எதுக்குடி? திருகாணி காணாமப் போறதுக்கு ஒரு நிமிசம் போதும்."

சொல்லிவிட்டு அவள் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுத்து வீச, வாங்குகிறவர் உரக்கச் சொல்லிக்கொண்டே வாங்கினார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது களத்து வழக்கம். கொடுத்தவன் சொல்லக்கூடாது, வாங்குகிறவன்தான் சொல்ல வேண்டும் என்பது ஜெயமுருகன் வைத்த சட்டம். சொல்லி வாங்கிவிட்டால் அப்புறம் குறைகிறது என்று பேச முடியாது.

முனியாயி திரும்பவும் உள்ளே போனாள்.

"மொதலாளி, கட்டிலு வேணாம். ஆனா நான் பரண்லருந்து எடுத்துத் தர்றத நீங்களே நின்னு வாங்கணும். வாங்கையில இன்னது வாங்கிட்டேன்னு சத்தமாச் சொல்லணும். ஒங்க களத்துல எப்புடி, அப்புடி."

ஜெயமுருகன் யோசித்தார். வாசலில் ஒன்றும் இருக்காது. பானை நேராகத் தன் கைக்கு வந்துவிடும். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இம்புட்டுத்தான? சரி."

தேங்காய் வியாபாரத்தில் அவரை ஏமாற்ற ஆள் கிடையாது. வீட்டு விஷயத்தில் அவ்வளவு விவரம் போதாது.

மறுநாள் எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. பரணில் முனியாயி. ஏணியின் நடுப்படியில் நதியா. கீழே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கமிட்டித் தலைவர். வடிவு அன்றைக்கு அடுக்களையை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. ஒட்டடை என்றால் தானே முன்னால் நின்று அதிகாரம் பண்ணுகிற பொம்பளை. அன்று டப்பாவைத் துடைத்தேன் துடைத்தேன் என்று துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கட்டிலைக் காணோம் என்றதும் தெரு திகைத்தது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் முருங்கைக்கீரையோடு வந்து, படியோரம் சுவரில் காதை வைத்தாள்.

"என்னக்கா, ஒண்ணும் தெரியலையே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பொறுடி. கட்டிலு சினிமா. இது ரேடியோ."

உள்ளேயிருந்து முதல் குரல் வந்தது. "லாபம்!"

"மொதலாளி, எண்ண வேணாம். பேரச் சொல்லுங்க."

"பித்தளைச் செம்பு ஒண்ணு! வாங்கிட்டேன்!"

"ஓட்டைச் செம்புன்னு சொல்லுங்க. பெறகு ஓட்டை நான் போட்டதா ஆயிரும்."

"ஓட்டைச் செம்பு ஒண்ணு! வாங்கிட்டேன்!"

அப்புறம் வரிசையாக வந்தது. ஒற்றைச் செருப்பு நாலு. பிரிக்காத மிக்சி ஒன்று. வடிவின் அண்ணன் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தது. காதறுந்த வாளி. பிறகு ஜெயமுருகன் குரல் கொஞ்சம் தயங்கியது.

"எலெக்சன் கொடி மூணு... வாங்கிட்டேன்."

"மூணும் வேற வேற கட்சின்னு சேத்துச் சொல்லுங்க மொதலாளி. கலரு மாறிருச்சுன்னு நாளைக்கு எம்மேல வருவீங்க."

"மூணும் வேற வேற கட்சி! போதுமா?"

"அதான் எந்தக் கட்சி செயிச்சாலும் இவரு வீட்டுல வெடி வெடிக்குது" என்றாள் பொன்னுத்தாய் வெளியே. கீரைக்காம்பு தரையெங்கும் சிந்தியது.

பதினொரு மணிக்குத் தெற்கு மூலைக்கு வந்தாள் முனியாயி. பானையை நதியாவிடம் இறக்கினாள். நதியா மூக்கைச் சுருக்கிக்கொண்டு கீழே கொடுத்தாள். ஜெயமுருகன் பிள்ளையை வாங்குகிற மாதிரி மார்போடு அணைத்து வாங்கினார்.

"பானை ஒண்ணு வாங்கிட்டேன், அடுத்து!" ஒரே மூச்சில் சொன்னார்.

"உள்ள என்னன்னு சொல்லலையே."

"பானைன்னு சொல்லிட்டேன்ல?"

"வெறும் பானைய நான் குடுக்கல மொதலாளி. உள்ள இருந்தது எங்கன்னு நாளைக்குக் கேட்டா?"

அடுக்களையில் டப்பா துடைக்கிற சத்தம் நின்றது. ஜெயமுருகன் பானையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வத்தல்! சுண்டவத்தல் ஒரு பானை! வாங்கிட்டேன்!"

"சுண்டவத்தலாண்ணே?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னுத்தாய். "ஒரு கை குடுங்க, வெரதச் சோத்துக்கு ஆகும்!"

பரண் விளிம்பில் முனியாயியின் தலை எட்டிப் பார்த்தது. புருவம், மூக்கு எல்லாம் தவிட்டு நிறம். கண் மட்டும் வெள்ளை.

"நான் வத்தல் குடுக்கல மொதலாளி."

"தாயி, வாய மூடு தாயி" என்று கிசுகிசுத்தார். "எம் மானம் போயிரும்."

"ஒங்க மானம் பானைக்குள்ள கெடக்கு. எம் மானம் ஒங்க வாயில கெடக்கு. நீங்க வத்தல்னு சொல்லி, பெறகு உள்ள வத்தல் இல்லேன்னா, மலைக்காரி மாத்திட்டான்னு பேரு எனக்குத்தான வரும்? ஒழுங்கா மாத்திச் சொல்லுங்க."

அவர் கண்ணை இறுக மூடினார். ஊசிக்குக் கை நீட்டுகிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உப்புக்கண்டம்" என்றார்.

"கேக்கல."

"உப்புக்கண்டம்! உப்புக்கண்டம் ஒரு பானை! வாங்கிட்டேன்!"

தெருவில் சுவர் அதிரச் சிரித்தார்கள்.

"அண்ணே, மைக்குல ஒருக்காச் சொல்லுங்க!" என்றாள் பொன்னுத்தாய். "கீழத்தெருவுக்குச் சரியாக் கேக்கல!"

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரு வாசல்படி ஏறி உள்ளே வந்துவிட்டது. அவமானத்தில் இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. ஜெயமுருகன் வெடுக்கென்று வேடு துணியை அவிழ்த்துப் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? பாதிதான் இருக்கு! நெறைச்சுல்ல வச்சேன்!"

சொல்லிவிட்டு மேலே பார்த்தார்.

வேண்டுமென்று பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். பழக்கம். அந்தப் பார்வையின் பின்னாலேயே கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் மேலே போனது. சிரிப்பு நின்றுவிட்டது. நதியா ஏணியிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றாள்.

முனியாயி அவசரப்படாமல் இறங்கி வந்தாள். கூடத்துக்கு நடுவில் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தியை உருவிக் கையில் பிடித்தாள்.

"உதறவா மொதலாளி?" என்று கேட்டாள். "பழக்கந்தேன். சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. பொன்னுத்தாய்கூடக் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுக்களைக் கதவை ஒட்டி வடிவு நின்றுகொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் பேசாமல்தான் நின்றாள். அதையும் எழுதத்தான் வேண்டும். அப்புறம் கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தாள்.

"அவளை எதுக்குப் பாக்குறீங்க? நாந்தேன் தின்னேன்."

ஜெயமுருகன் வாய் திறந்தபடியே நின்றது. "நீயா?"

"ஆமா. தெனம் நாலு துண்டு. நீங்க களத்துக்குப் போனதும் வறுத்துத் திம்பேன். கொப்பரை மூட்டை தூக்கித்தேன் முழங்காலு வீங்குச்சுன்னு சொன்னீங்களே, மூட்டைய நீங்க தூக்கி எத்தனை வருசமாச்சு? ஏணியில ஒங்க காலடி இருந்துச்சு. ஏறிப் பாத்தேன்."

"எனக்கு உப்பில்லாமச் சோறு போட்டுட்டு, நீ உப்புக்கண்டம் திம்பியா?"

"டாக்டரு ஒங்களுக்குத்தான் உப்பு கூடாதுன்னாரு. எனக்கா சொன்னாரு?"

"வடிவு," என்று மெதுவாக ஆரம்பித்தாள் பொன்னுத்தாய், "சாட்டுக்கு முந்தித் தின்னதா, பெறகு தின்னதா?"

"ஒங்க வீட்டுக்கு நாளான்னைக்குத்தான முனியாயி வாரா? போயி ஒங்க பரணப் பாருங்கக்கா."

பொன்னுத்தாய் அந்தக் கேள்வியை அதற்கு மேல் கேட்கவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே வீட்டுக்குப் போனாள்.

முனியாயி முந்தியைத் திரும்பச் செருகிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"அக்கா, இங்க சொன்னதெல்லாம் சரி. வாசல்ல நின்னு ஒருக்காச் சொல்லிருங்க. கூடத்துல சொன்னது கூடத்தோட போயிரும்."

வடிவு அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு கொண்டையை முடிந்துகொண்டு வாசலுக்குப் போய், இரண்டு பக்கமும் பார்த்து, காய்கறிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "பானையில பாதிய நாந்தேன் தின்னேன்! முனியாயி தொடல!"

ஆயிற்று. அப்புறம் பானை. காப்புக்கு முன்னால் அது வீட்டைவிட்டு மட்டுமல்ல, ஊர் எல்லையைவிட்டே போயாக வேண்டும். குப்பையில் கொட்டினால் நாய் இழுத்துத் தெருவெல்லாம் பரப்பும். மலையில் இந்தச் சாட்டு கிடையாது.

"நீயே கொண்டு போயிரு தாயி" என்றார் ஜெயமுருகன். குரல் நூலாக இருந்தது. "அப்புடியே பின்வாசல்..."

"முன்வாசல்."

"சரி, முன்வாசல்."

"இப்ப வாங்குறது நான். நான் சொல்லி வாங்குவேன். ஆனா நீங்களும் குடுத்தேன்னு சொல்லணும். ரெண்டும் இருந்தாத்தேன் எனக்குத் தைரியம்."

முதலில் வேலையை முடித்தாள். தரைக்கு ஈர நார்க்கழிவு தூவிக் கூட்டி, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவி, வீடு கண்ணாடியாக நின்றது. மூன்றரை மணிக்கு வாசலில் வைத்துக் கைமாற்றம் நடந்தது. "பாதிப் பானை உப்புக்கண்டம், முனியாயிக்கு, நானே, மனசாரக் குடுத்தேன்!" என்று ஜெயமுருகன் தெருவுக்குச் சொன்னார். மனசார என்பது அவராகச் சேர்த்தது. யாரும் நம்பவில்லை.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியாயி மேலத்தெருவின் நடுவிலேயே நடந்தாள். மெதுவாக நடந்தாள். வாசல்களில் நின்றவர்கள் வழி விட்டார்கள். மூட்டையை அவிழ் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. தெருமுனையில் சண்முகராஜ் ஓடிவந்து மறித்தார்.

"முனியாயி, நாளைக்கு எங்க வீடுதான? நான் கட்டில இப்பவே எடுத்துப் போட்டுர்றேன். வெள்ள வேட்டியும் புதுசு. இந்தக் கத்துற சோலியெல்லாம் நமக்கு வேணாம்."

"ஒங்க இஷ்டம்" என்றாள் முனியாயி. "மிஷின் வருதுன்னாங்களே?"

"எந்த மிஷினு? யாரு சொன்னா?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் நதியா அடக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, பரண்ல தூக்கையிலயே பானை லேசா இருந்திருக்குமே. பாதிதான் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க? வடிவக்கா வாயத் தொறக்காமப் போயிருந்தா?"

ஒரு டிப்பர் போனது. முனியாயி முந்தியால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள்.

"அடுக்களையில காலையில அது தொடைச்ச தொடைப்பப் பாத்தியா? ஒரே டப்பாவ நாலு தரம் தொடைச்சுச்சு. அப்பவே தெரியும்டி, பாதி எங்க போச்சுன்னு. சொல்லுமா சொல்லாதாங்கிறதுதேன் தெரியல." பானையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அதுக்குத்தேன் முந்தியக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பெரும்பாறை பஸ் வந்தது. உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். அவரும் அய்யம்பாளையத்துக்காரர்தான்.

"யாரும்மா கவிச்சி கொண்டு வர்றது? ஊருல சாட்டு விழுந்துருக்குன்னு தெரியாது?"

நதியா பானையைக் காலுக்கு அடியில் தள்ளினாள். முனியாயி அதை எடுத்து மடியில் வைத்தாள்.

"உப்புக்கண்டம். கமிட்டித் தலைவரு குடுத்தது. போன் போட்டுக் கேட்டுக்கங்க."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பின் சீட்டு, முன் சீட்டு இரண்டையும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஊரு எல்லை தாண்டுனதும் எனக்கு ரெண்டு துண்டு தருவியா?"

"வாங்கிட்டேன்னு சத்தமாச் சொல்லுவீங்களா?" என்றாள் முனியாயி.

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.